மஸ்டாங்கா, கமாரோவா: டூரிங் கார் பந்தயத்தில் சமநிலையை அளப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் டூரிங் கார் பந்தயமான சூப்பர்கார்ஸைப் பார்ப்பவர்கள் 2023 முதல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறார்கள்: பாரிட்டி, அதாவது கார்களுக்கிடையிலான சமநிலை. அந்த ஆண்டு ‘ஜென்3’ என்ற புதுத் தலைமுறைக் கார்கள் களமிறங்கின. ஒரு பக்கம் ஃபோர்டு மஸ்டாங், மறுபக்கம் செவர்லே கமாரோ. பருவம் முழுக்க ஃபோர்டு அணிகள் தங்கள் கார் பின்தங்குவதாகப் புகார் சொல்லிக்கொண்டே இருந்தன. பட்டத்தை எரிபஸ் அணியின் புரோடி கொஸ்டெக்கி வென்றார். அந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான பாதர்ஸ்ட் 1000ஐ ஷேன் வான் கிஸ்பெர்கனும் ரிச்சி ஸ்டானவேயும் வென்றார்கள். இரண்டும் கமாரோ. 2024இலும் பட்டம், பாதர்ஸ்ட் இரண்டும் கமாரோவுக்கே போயின. 2025இல் காற்று திசைமாறியது: பாதர்ஸ்ட்டில் மாட் பெய்ன், கார்த் டாண்டர் இணை, பட்டம் சாஸ் மோஸ்டர்ட்டுக்கு. இரண்டும் மஸ்டாங். 2026இல் டொயோட்டா சுப்ரா மூன்றாவது காராகச் சேர்கிறது.

அப்படியென்றால் 2023இல் விதி அநியாயமாக இருந்து 2025இல் சரியாகிவிட்டதா? வென்றவர் பட்டியலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைப் புரிந்துகொள்ள, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## சிக்கல் எங்கே தொடங்குகிறது

கார் பந்தயங்களை ஒரு கோட்டில் அடுக்கிப் பார்க்கலாம். கோட்டின் ஒரு முனையில் எல்லாருக்கும் ஒரே கார். கோவை செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 அப்படிப்பட்டது. ஒரே சட்டகம், ஒரே எஞ்சின், மீதி ஓட்டுநரின் கையில். மறுமுனையில் ஃபார்முலா 1. விதிப்புத்தகம் எல்லாருக்கும் பொது. அதற்குள் யார் நல்ல காரைக் கட்டுகிறாரோ அவருக்கு வெற்றி. மெதுவான காரைக் கட்டியவருக்கு யாரும் சலுகை தருவதில்லை.

டூரிங் கார் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடையில் விற்கும் காரின் உருவத்தோடு ஓடுவதுதான் அதன் கவர்ச்சி. ரசிகர் தன் வீட்டு வாசலில் நிற்கும் காரின் பெயரைப் பந்தயத்திலும் பார்க்க வேண்டும். ஆனால் விற்பனைக் கார் எதுவும் பந்தயத்துக்காக வரையப்பட்டதில்லை. ஒன்றின் கூரை உயரம், இன்னொன்றின் மூக்கு நீளம், மூன்றாவதன் எஞ்சின் கனம். இந்த வேறுபாடுகளை அப்படியே விட்டால், எந்தத் தொழிற்சாலையில் எந்த வடிவமைப்பாளர் எந்தக் கோட்டை வரைந்தார் என்பதே பந்தய முடிவைத் தீர்மானித்துவிடும். முற்றிலும் அழித்தால், கார்களுக்கு வேறு வேறு பெயர் வைப்பதில் பொருளே இருக்காது.

## ‘சமம்’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள்

நியாயம் பற்றிய சண்டைகளில் பாதி, இரு தரப்பும் வேறு வேறு பொருளில் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் வருபவை. பிரித்துச் சொன்னால்:

1. விதி சமம். எல்லாருக்கும் ஒரே விதிப்புத்தகம். யார் அதை நன்றாகப் படித்தாலும் அவர் ஆதாயம் அவருக்கே.
2. திறன் சமம். ஓட்டுநரையும் அணியையும் கழித்துப் பார்த்தால், கார்கள் ஒரே வேகத்தில் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும். பாரிட்டி என்பதற்குச் சரியான பொருள் இதுதான்.
3. முடிவு சமம். வென்றவர் மேல் சுமை ஏற்றி, தோற்றவரை அருகில் கொண்டுவருவது.

மூன்றாவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பிரிட்டன் டூரிங் கார் பந்தயம். 2021 வரை அங்கே வெற்றிச் சுமை என்ற முறை இருந்தது. முன்னணியில் இருப்பவர் காரில் 75 கிலோ வரை ஈயம் ஏற்றப்பட்டது. 2022இல் அதற்குப் பதிலாக ஹைபிரிட் கூடுதல் சக்தியைப் பயன்படுத்தும் அளவை முன்னணி ஓட்டுநர்களுக்குக் குறைத்தார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வெல்பவருக்குச் சுமை என்று முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். குதிரைப் பந்தயத்தில் கூடுதல் எடை வைப்பது போன்றது அது. ஆனால் அது கார்களைச் சமப்படுத்தும் முறை இல்லை, பந்தயத்தை நெருக்கமாக்கும் முறை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் பொருளுக்கு எடுத்துக்காட்டு, இதே பிரிட்டன் பந்தயத்தில் 1994இல் நடந்தது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

## டிக்கியில் கிடந்த தாங்குகம்பிகள்

அந்தக் காலத்தில் 2 லிட்டர் எஞ்சின் கொண்ட சூப்பர் டூரிங் விதி இருந்தது. பந்தயக் காரின் வெளிவடிவம் விற்பனைக் காரின் வெளிவடிவமாகவே இருக்க வேண்டும். விற்பனைக் காரில் இல்லாத இறக்கையைப் பந்தயக் காரில் ஒட்ட முடியாது. தகுதிச் சான்று பெற, அந்த வகைக் கார் 2,500 எண்ணிக்கையாவது உற்பத்தியாகியிருக்க வேண்டும்.

ஆல்ஃபா ரோமியோ என்ன செய்தது? 155 காரில் ஒரு சிறப்பு வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்பக்கம் தாழ்வான சிறு இறக்கை ஒன்று இருந்தது. அதோடு, அந்த இறக்கையை உயர்த்திப் பொருத்தும் தாங்குகம்பிகளை டிக்கியில் போட்டுக் கொடுத்தது. வாங்குபவர் வேண்டுமானால் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தினாலும் பொருத்தாவிட்டாலும் அவை காரோடு விற்கப்பட்டவை. ஆகவே பந்தயத்தில் இறக்கையை உயரமான நிலையில் வைத்து ஓட்டலாம் என்பது ஆல்ஃபாவின் வாசிப்பு. முன்பக்கம் நீட்டக்கூடிய தகட்டுக்கும் இதே நியாயம்தான்.

டிக்கிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் இறக்கைக்குக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். ஒரு சாண் உயர்த்தினால் சீரான காற்று கிடைக்கும்; பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கும். கப்ரியேல் டார்குவீனி பருவத்தின் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றார். எதிரணிகள் புகார் கொடுத்தன. ஓல்டன் பார்க் சுற்றில் இறக்கையைத் தாழ்ந்த நிலையில் வைத்தே ஓட வேண்டும் என்று சொல்லப்பட்டதும், ஆல்ஃபா அணி மூட்டைகட்டிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு சமரசம் ஆகித் திரும்பி வந்தது. பட்டமும் டார்குவீனிக்கே போனது. அடுத்த ஆண்டு எல்லாக் கார்களுக்கும் இறக்கை வந்துவிட்டது.

ஆல்ஃபா விதியை மீறியதா? என் கணிப்பில் இல்லை. எழுத்துக்கு எழுத்து பின்பற்றியது. ஆனால் விதியின் நோக்கம் அங்கேயே உடைந்துபோனது. விதி சமமாக இருந்தாலே திறன் சமமாகிவிடும் என்று நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

## ஆஸ்திரேலியா ஏன் பாரிட்டியைக் கையில் எடுத்தது

ஆஸ்திரேலியாவும் அதே பாடத்தை வேறு வழியில் கற்றது. விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட குரூப் ஏ விதி அங்கே நடப்பில் இருந்தபோது, நான்கு சக்கர இயக்கமும் இரட்டை டர்போவும் கொண்ட நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் மற்ற எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு ஓடியது. அதன் மேல் கூடுதல் எடை ஏற்றினார்கள், டர்போ அழுத்தத்துக்குத் தடைவால்வு போட்டார்கள். அப்படியும் 1992 பாதர்ஸ்ட்டில் அதுவே வென்றது. மழையில் கார்கள் மோதிக்கிடந்ததால் பந்தயம் முடியும் முன்பே நிறுத்தப்பட்டு, முந்தைய சுற்றின் வரிசைப்படி முடிவு அறிவிக்கப்பட்டது. அப்போது ஸ்கைலைனும் மோதிச் சேதமாகித்தான் இருந்தது. மேடையில் அதன் ஓட்டுநர்கள் ஜிம் ரிச்சர்ட்ஸையும் மார்க் ஸ்கைஃபையும் பார்த்துக் கூட்டம் கூச்சலிட்டது. ரிச்சர்ட்ஸும் பதிலுக்குக் கூட்டத்தைத் திட்டினார்.

1993இல் 5 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட ஃபோர்டும் ஹோல்டனும் மோதும் புது விதி வந்தது. பின்னாளில் சூப்பர்கார்ஸ் ஆனது அதுதான். இரண்டே கம்பெனிகள், ரசிகர்கள் பிறப்பிலேயே ஏதாவது ஒரு பக்கம். அப்பா ஃபோர்டு என்றால் பிள்ளையும் ஃபோர்டு. இத்தகைய போட்டியில் ஒரு கார் மூன்று ஆண்டு தொடர்ந்து ஆதாயத்தோடு ஓடினால் பாதிக் கூட்டம் வீட்டோடு இருந்துவிடும். பாரிட்டி அங்கே தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் இருந்ததே இல்லை. பிழைப்புக் கேள்வியாகவும் இருந்தது.

ஹோல்டன் என்ற பெயரையே மூடப்போவதாக ஜெனரல் மோட்டார்ஸ் 2020இல் அறிவித்தது. அதன் இடத்துக்குத்தான் 2023இல் கமாரோ வந்தது.

## எதை எதைச் சமப்படுத்த வேண்டும்

ஜென்3 கார்களில் சட்டகம், கியர்பெட்டி, சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் பொது. மேல்தோல், எஞ்சின், காற்றோடு உறவாடும் பாகங்கள் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எனவே நான்கு விஷயங்கள் அளக்கப்பட வேண்டும்.

1. காற்று. ஓடும் காரைக் காற்று இரண்டு விதமாகத் தொடுகிறது. முன்னிருந்து எதிர்ப்பது டிராக். மேலிருந்து தரையோடு அழுத்துவது டவுன்ஃபோர்ஸ். முன்னது நேர்ப்பாதையில் வேகத்தைத் தின்கிறது. பின்னது வளைவில் பிடிப்பைத் தருகிறது. இரண்டும் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும்; வேகம் இரட்டிப்பானால் இவை நான்கு மடங்காகும். மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: அழுத்தம் முன்சக்கரங்களுக்கு எவ்வளவு, பின்சக்கரங்களுக்கு எவ்வளவு போகிறது என்ற பங்கீடு. மொத்தம் சமமாக இருந்தாலும் பங்கீடு மாறினால், ஒரு கார் வளைவில் நம்பிக்கையோடு திரும்பும், இன்னொன்று டயரை அரைத்துத் தீர்க்கும்.

முன்பெல்லாம் சூப்பர்கார்ஸ் இதை விமான ஓடுபாதையில் அளந்தது. காரில் உணரிகளைப் பொருத்தி, குறிப்பிட்ட வேகங்களில் நேராக ஓட்டி, சஸ்பென்ஷன் மேல் விழும் சுமையைப் படித்தார்கள். இரண்டு கார்களும் ஒரே எண்ணைத் தரும்வரை இறக்கையையும் முன்தகட்டையும் செதுக்குவார்கள். செலவு குறைவு. ஆனால் காலையில் காற்று ஒரு பக்கம், மதியம் இன்னொரு பக்கம். மேலும் நேராக ஓட்டும்போது மட்டுமே அளக்க முடியும். பந்தயத்தில் கார் எப்போதும் கொஞ்சம் சாய்ந்து, மூக்கு அமுங்கி, பக்கவாட்டில் காற்றை வாங்கித்தான் ஓடுகிறது.

2023 பருவம் முடிந்ததும் இரண்டு கார்களையும் அமெரிக்காவின் வட கரோலைனாவில், கான்கார்ட் நகரில் உள்ள விண்ட்ஷியர் காற்றுச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முழு அளவுக் காரை அப்படியே நிறுத்தலாம். சக்கரங்களுக்கு அடியில் எஃகுப் பட்டை ஒன்று சாலைபோல ஓடுகிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 1 மி.மீ., வேகம் மணிக்கு 290 கி.மீ. வரை போகும். இந்தப் பட்டை முக்கியம். தரை அசையாமல் காற்று மட்டும் வீசினால், காருக்கு அடியில் போகும் காற்று தரையில் சிக்கித் தேங்கும். அடித்தட்டின் வேலை பொய்யாகத் தெரியும். பட்டையும் காற்றும் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் நிஜச் சாலையின் நிலைமை வருகிறது. காரைச் சற்றே திருப்பி வைக்கலாம், மூக்கைத் தாழ்த்தலாம், பின்பக்கத்தை உயர்த்தலாம். ஒவ்வொரு நிலையிலும் எண்கள் வரும். அந்தச் சோதனையின் அடிப்படையில் 2024க்கு இரண்டு கார்களுக்குமே புதிய காற்றியக்கப் பாகங்கள் கொடுக்கப்பட்டன. மஸ்டாங்குக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2. எஞ்சின். மஸ்டாங்கில் 5.4 லிட்டர் வி8. வால்வுகளை இயக்கும் நான்கு தண்டுகளும் எஞ்சினின் தலையில் இருக்கின்றன. கமாரோவில் 5.7 லிட்டர் வி8. தண்டு கீழே இருந்து, நீளமான கம்பிகளால் வால்வுகளைத் தள்ளுகிறது. இரண்டும் ஏறத்தாழ 600 குதிரைத்திறன். உச்சத்தில் எண் ஒன்றுதான் என்பதால் இரண்டும் சமம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் நடு வேகத்தில் இருந்து எழுகிறது. அங்கே எவ்வளவு இழுவை இருக்கிறது, எவ்வளவு வேகமாக எழுகிறது என்பதுதான் அடுத்த நேர்ப்பாதையைத் தீர்மானிக்கும்.

எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மேடையில் எஞ்சினை ஒரு சுழல்வேகத்தில் நிலைநிறுத்தி அளப்பது பழைய முறை. ஒவ்வொரு படியிலும் இரண்டு எஞ்சின்களும் ஒரே எண்ணைக் காட்டலாம். ஆனால் பந்தயத்தில் எஞ்சின் எந்தப் படியிலும் நிற்பதில்லை. ஓட்டுநர் மிதியை விடுகிறார், அழுத்துகிறார், கியர் மாற்றுகிறார். எஞ்சினை ஏற்றி இறக்கிக்கொண்டே அளக்கும் டைனோ முறைக்கு சூப்பர்கார்ஸ் பின்னர் போனது இதனால்தான்.

3. எடை மையம். கூரையில் மூட்டை ஏற்றிய பஸ் மலைப்பாதை வளைவில் எப்படிச் சாயும் என்று நமக்குத் தெரியும். பந்தயக் காரிலும் அதே கதைதான், அளவு மட்டும் சிறியது. மொத்த எடை ஒன்றாக இருந்தாலும், அது உயரத்தில் இருந்தால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு அதிகச் சுமை போகும், டயர் தேயும்.

இதை அளக்கும் விதம் எளிமையானது, அழகானது. நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் நிறுத்துகிறார்கள். சஸ்பென்ஷன் அசையாதபடி பூட்டுகிறார்கள். பிறகு காரின் பின்பக்கத்தைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்குகிறார்கள். எடை முன்தராசுகளுக்கு நகர்கிறது. எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

4. எரிபொருள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாதர்ஸ்ட் 161 சுற்று. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கார்களில் ஒன்று கூடுதலாகக் குடித்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது கூடுதல் நேரம் நிற்க வேண்டும். பந்தயத்தின் உத்தியே மாறிவிடும்.

## 2019: திருத்தியும் தடுக்க முடியாத வெற்றி

மஸ்டாங் முதன்முதலில் சூப்பர்கார்ஸில் நுழைந்தது 2019இல், பழைய தலைமுறை விதியின் கீழ். அடிலெய்ட், மெல்பர்ன் சுற்றுகளில் வென்றதெல்லாம் மஸ்டாங். உடனே எடை மையத்தை அளந்தார்கள். மஸ்டாங்கின் கூரைப் பகுதிக்கு 28 கிலோ, ஹோல்டன் கொமடோரின் கூரைப் பகுதிக்கு 6.7 கிலோ ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மொத்த எடை கூடவில்லை. தரையில் கிடந்த ஈயக்கட்டிகள் மேலே போயின, அவ்வளவுதான். சில வாரங்கள் கழித்து மஸ்டாங்கின் பின் இறக்கை ஓரத் தகடுகளும் முன் அடித்தட்டும் குறைக்கப்பட்டன.

விளைவு? ஸ்காட் மெக்லாக்லின் அந்தப் பருவத்தில் 18 பந்தயங்களை வென்றார். அப்போது அது சாதனை. பட்டமும் அவருக்கே.

இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். ‘திருத்தம் போதவில்லை’ என்று ஹோல்டன் ரசிகர் சொல்வார். ‘ஆதாயம் காரில் இருக்கவில்லை, ஓட்டுநரிடமும் அணியிடமும் இருந்தது’ என்று ஃபோர்டு ரசிகர் சொல்வார். மற்ற மஸ்டாங்குகள் அவர் அளவுக்கு வெல்லவில்லை என்பதால் இரண்டாவது வாசிப்புக்கே வலு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் வென்றவர் பட்டியலால் மட்டும் இதை நிரூபிக்க முடியாது.

## ஸ்டாப்வாட்ச் ஏன் பொய் சாட்சி ஆகிறது

ஒரு சின்னக் கணக்கு. பாதர்ஸ்ட் சுற்றின் நீளம் 6.213 கி.மீ. பந்தய வேகத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். சராசரியாக நொடிக்கு 50 மீட்டர். ஒரு கார் சுற்றுக்கு 0.1 நொடி மெதுவானது என்றால், சுற்றுக்கு 5 மீட்டர் பின்தங்கும். அதாவது ஒரு கார் நீளம். 161 சுற்றுக்கு 16 நொடி. இது மொத்த நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் தகுதிச் சுற்றில் அதே 0.1 நொடிக்குள் நான்கைந்து கார்கள் நெருக்கியடித்து நிற்கும்.

ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைச் சுற்று நேரத்தில் இருந்து பிரித்தெடுப்பது ஏன் கடினம் என்றால்:

1. ஓட்டுநருக்கு ஓட்டுநர் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரியது. ஒரே அணியின் இரண்டு கார்களுக்கு இடையிலேயே 0.1 நொடிக்கு மேல் இருப்பது வழக்கம்.
2. நல்ல அணிகள் இரு பக்கமும் சமமாகப் பரவியிருப்பதில்லை. 2021, 2022 பட்டங்களை வென்ற வான் கிஸ்பெர்கனும் அவருடைய டிரிபிள் எய்ட் அணியும் 2023இல் கமாரோ பக்கம் இருந்தார்கள்.
3. புதிய காரை யார் முதலில் புரிந்துகொள்கிறார்களோ அவர்கள் ஓராண்டுக்கு முன்னால் ஓடுவார்கள். ஜென்3 சட்டகத்தின் வடிவமைப்பில் டிரிபிள் எய்ட் அணிக்கு நேரடிப் பங்கு இருந்தது. கார் சமமாகவே இருந்தாலும் அந்த அறிவு சமமில்லை.

2025ஐப் பாருங்கள். பருவம் முழுக்க அதிகப் பந்தயங்களை வென்றவர் கமாரோ ஓட்டிய புரோக் ஃபீனி. அந்த ஆண்டு அறிமுகமான இறுதிச்சுற்று முறையால் பட்டம் அடிலெய்டின் கடைசி வாரத்தில் முடிவாகியது. அங்கே ஃபீனியின் காருக்கு எஞ்சின் கோளாறு, மோஸ்டர்ட்டுக்குப் பட்டம். இதை மஸ்டாங் வேகமாகிவிட்டதற்குச் சான்றாகக் காட்டினால் அது தவறான சான்று.

2023இல் புகார் வலுத்தபோது பருவத்தின் நடுவிலேயே மஸ்டாங்கின் காற்றியக்கத்தில் மாற்றங்கள் அனுமதிக்கப்பட்டன. அன்று எடுத்த முடிவுகளைக் குறைசொல்வது எளிது. ஆனால் அப்போது நிர்வாகத்தின் கையில் இருந்தது ஓடுபாதை அளவுகளும் சுற்று நேரப் புள்ளிவிவரங்களும்தான். நோயாளியைப் பார்க்காமல் காய்ச்சல் எண்ணை மட்டும் வைத்து மருந்து கொடுக்கும் நிலை. பருவம் தொடங்கும் முன்பே காற்றுச் சுரங்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் நியாயமான விமர்சனம்.

## முடிவை வைத்துச் சமப்படுத்தினால் என்ன ஆகும்

டிசிஆர் என்ற உலகளாவிய டூரிங் கார் வகையில் பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ், சுருக்கமாக பிஓபி, என்ற முறை உள்ளது. எஞ்சின் சக்தி, எடை, தரையிலிருந்து காரின் உயரம் ஆகிய மூன்றையும் காருக்குக் கார் மாற்றுவார்கள். பல கம்பெனிகள், குறைந்த செலவு, முன்சக்கர இயக்கக் கார்கள். ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருக்க முடியாது. அங்கே இந்த முறைக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் சுற்று நேரத்தைப் பார்த்துச் சுமை ஏற்றும் எந்த முறைக்கும் ஒரு நோய் உண்டு. வேகத்தை மறைத்து ஓட்டுவது லாபம் ஆகிவிடும். சோதனையில் மிதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஓட்டினால் அடுத்த வாரம் எடை குறையும். ஒளித்து வைத்த வேகத்தைப் பெரிய பந்தயத்தில் எடுத்துக்கொள்ளலாம். இதைப் பிடிப்பதும் கடினம்.

டூரிங் காருக்கு வெளியே இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு எடைகள் மாற்றப்பட்டன: டொயோட்டாவுக்கு 37 கிலோ கூடுதல், ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேவுக்கு 3. வென்றது ஃபெராரி, டொயோட்டா இரண்டாவது. அந்த 13 கிலோ வேறுபாடுதான் முடிவை மாற்றியதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மாற்றவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே உலக எண்டியூரன்ஸ் பந்தயத்தில் பிஓபி பற்றிப் பொதுவெளியில் பேச அணிகளுக்குத் தடையும் உண்டு. இது சரியான வழி இல்லை. பேச்சை மூடினால் சந்தேகம் போகாது, வதந்தியாக மாறும்.

## யார் அளக்கிறார்கள்

சூப்பர்கார்ஸில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஹோமொலகேஷன் அணி உண்டு. அந்தக் கம்பெனியின் காரை வடிவமைத்துச் சோதனைக்குக் கொண்டுவருவது அதன் பொறுப்பு. 2023இல் ஃபோர்டுக்கு டிக் ஜான்சன் ரேசிங், ஜெனரல் மோட்டார்ஸுக்கு டிரிபிள் எய்ட். இரண்டும் பந்தயத்தில் போட்டியிடும் அணிகள். இதனால் ஒரே கம்பெனிக்குள்ளும் உரசல் வரும்: ஹோமொலகேஷன் அணி தவறு செய்தால், அதே காரை ஓட்டும் மற்ற அணிகளும் அதன் விலையைக் கொடுக்க வேண்டும்.

அளவுகள் எடுக்கும்போது இரு தரப்புப் பொறியாளர்களும் உடன் இருப்பது முதல் பாதுகாப்பு. வெளியார் நடத்தும் காற்றுச் சுரங்கம் இரண்டாவது. மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பது என் கருத்து: முடிந்த சோதனையின் எண்கள், அனுமதிக்கப்பட்ட பிழை அளவோடு சேர்த்து, எல்லாருக்கும் வெளியிடப்பட வேண்டும். ஒரே எஞ்சினை இரண்டு நாள் டைனோவில் ஏற்றினால் இரண்டு எண் வரும். எந்த அளவுக் கருவிக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. அந்தத் தடுமாற்றத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைச் சமம் என்றே ஏற்க வேண்டும். அதைச் சொல்லாமல் ‘சமமாகிவிட்டது’ என்று மட்டும் அறிவித்தால், தோற்ற பக்கம் ஒருநாளும் நம்பாது.

## 2026இல் எதைப் பார்க்க வேண்டும்

வாக்கின்ஷா அணி மஸ்டாங்கை விட்டு டொயோட்டாவுக்குப் போகிறது. டிரிபிள் எய்ட் கமாரோவை விட்டு ஃபோர்டுக்கு வந்து, அதன் ஹோமொலகேஷன் அணியும் ஆகிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அந்தப் பொறுப்பை டீம் 18 ஏற்கிறது. இத்தனை நாள் கார் காரணமா, அணி காரணமா என்று பிரிக்க முடியாமல் கிடந்த முடிச்சில் ஒரு நூல் இப்போது தளர்கிறது. அதே அணி, அதே ஓட்டுநர்கள், வேறு கார். முழு நிரூபணம் ஆகாது என்றாலும், இதுவரை கிடைத்த எந்தச் சுற்று நேரத்தையும்விட இது அதிகம் சொல்லும்.

வீட்டிலிருந்து பார்ப்பவர் வெற்றிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, பாதர்ஸ்ட்டில் இரண்டு இடங்களை மட்டும் கவனிக்கலாம். ஒன்று கான்ராட் நேர்ப்பாதையின் கடைசியில், மணிக்கு 300 கி.மீ.யை நெருங்கும் இடத்தில் பதிவாகும் வேகம். இன்னொன்று மலைமேல் வளைவுகள் நிறைந்த நடுப்பகுதியின் பிரிவு நேரம். ஒரு கார் கான்ராடில் முந்தி மலைமேல் பிந்தினால், அதற்கு டிராக் குறைவு, டவுன்ஃபோர்ஸும் குறைவு. அது வேறு குணம் கொண்ட கார், ஆதாயம் பெற்ற கார் இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே கம்பெனியின் கார்கள், அதுவும் ஒன்றிரண்டு அணிகள் மட்டுமில்லாமல் முன்வரிசை முதல் பின்வரிசை வரை, வார இறுதி முழுக்க முன்னால் நின்றால்தான் காற்றுச் சுரங்கத்துக்குத் திரும்பப் போக வேண்டிய காரணம் இருக்கிறது.